ஆறு ஆண்டுச் சிப்பியும் எழுபது ஆண்டு ஆவுளியாவும்

முத்துக்குளிப்பில் மூச்சடக்கி மூழ்குவது கடினமான வேலைதான். ஆனால் அதைவிடக் கடினமான ஒன்று அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: எந்த ஆண்டு மூழ்குவது என்ற முடிவு. மூன்று வயதுக்குள் இருக்கும் சிப்பியைத் திறந்தால் உள்ளே இருக்கும் முத்து பெரும்பாலும் விலை போகாது. நான்கு ஐந்து வயதில் எடுத்தால் முதலுக்கு மேல் காசு. இன்னும் கொஞ்சம் பருக்கட்டும் என்று மேலும் இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தால் பெரும்பாலான சிப்பிகள் செத்து, முத்தும் மணலோடு மணலாகப் போயிருக்கும். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிக்கு இயற்கை அளந்திருக்கும் ஆயுள் சுமார் ஐந்து, ஆறு ஆண்டு. முத்துக்குளித்துறையின் வணிகம் முழுவதும் அந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

அதனால்தான் குளிப்புக்கு முன்னால் 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தது. சில ஆண்டுகள் பார் நிறையச் சிப்பி இருக்கும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றும் இராது. 1902இல் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டதற்கும், அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறைக்காகத் தூத்துக்குடிப் பார்களை ஆராய்ந்ததற்கும் காரணம் இந்தத் தீராத கேள்விதான். 1955 தொடங்கி 1961 வரை தூத்துக்குடியில் குளிப்பு நடந்தது. அதன்பின் நடக்கவில்லை.

ஒரு சிப்பிக்கு ஆறு ஆண்டு என்று நிர்ணயித்தது எது? மாப்பிள்ளையூரணியை நடுவில் வைத்துச் சுற்றிலும் பார்த்தால் இந்தக் கேள்வி ஒன்றுக்குப் பத்தாகப் பெருகும். தூத்துக்குடி நகரின் வடக்கு விளிம்பை ஒட்டிய ஊர் அது. பக்கத்திலேயே உப்பளங்கள், வடக்கே தருவைகுளம், எதிரே கடலில் வான் தீவு. உப்பளத் தண்ணீரில் வாழும் ஆர்டிமியா என்ற நகத்தளவு இறாலினத்துக்கு ஆயுள் சில மாதங்கள். உப்பளங்களில் இறங்கி அதைப் போன்ற சிற்றுயிர்களை அலகால் வடித்துத் தின்னும் பூநாரைக்கோ பல பத்தாண்டுகள். வலையில் ஏறும் சாளைக்கு இரண்டு, மூன்று ஆண்டு. ஊசிக் கணவாய்க்கு ஓராண்டு இருந்தாலே அதிகம். பாறையிடுக்கில் இருக்கும் பெரிய களவா இனங்கள் இருபதைத் தாண்டும். கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசு எழுபதைத் தொடும். ஒரே கடல், ஏறக்குறைய ஒரே தண்ணீர். ஆயுள் மட்டும் ஏன் இப்படி நூறு மடங்கு வேறுபடுகிறது?

சராசரியும் எல்லையும்

"இது எத்தனை வருஷம் வாழும்?" என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறோம். பிறந்ததில் சராசரியாக ஒன்று எவ்வளவு நாள் உயிரோடிருக்கிறது என்பது ஒன்று. எல்லா ஆபத்தையும் தப்பினால் அதிகபட்சம் எவ்வளவு நாள் இருக்க முடியும் என்பது மற்றொன்று.

முத்துச்சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் சிப்பி லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு மூன்று வாரம் போலக் கடல்நீரில் மிதந்து, பிறகு பாறையைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே யாருக்காவது இரையாகிவிடும். பிறந்த எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் முத்துச்சிப்பியின் ஆயுள் சில நாட்கள் என்றுதான் வரும். ஆறு ஆண்டு என்பது தப்பிப் பிழைத்தவற்றின் எல்லை. மனிதருக்கும் இதே கணக்குதான். சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தைக்கூட எட்டவில்லை. இன்று எழுபதை ஒட்டி இருக்கிறது. அதற்காக அன்றைய மனிதர்கள் முப்பது வயதில் கிழடுதட்டிவிடவில்லை. குழந்தைகள் செத்தார்கள், அந்தச் சாவு குறைந்ததும் சராசரி ஏறியது. எல்லை அவ்வளவாக நகரவில்லை. பிரான்சில் 1997இல் மறைந்த ஜான் கல்மான் அம்மையாரின் 122 வயதை அதன்பின் ஒருவரும் தாண்டவில்லை.

எல்லையைச் சொல்ல வேண்டுமானால் வயதை அளக்கத் தெரிய வேண்டும். கொல்கத்தா அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையில் 2006இல் இறந்த அத்வைதா என்ற ஆமைக்கு 250 வயது என்று சொன்னார்கள். பிறந்த ஆண்டுக்குச் சான்று கிடையாது. கடலுயிர்கள் பலவும் தம் பிறப்புச் சான்றிதழை உடம்பிலேயே வைத்திருக்கின்றன. மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் அது வளர வளர அடுக்குகள் படியும். குளிர்நாட்டு மீனில் கோடைக்கும் குளிருக்கும் ஏற்ப ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். மன்னார் வளைகுடா போன்ற வெப்பக் கடலில் அது மங்கலாக இருக்கும். ஆனால் அதே கல்லில் நாளுக்கொரு நுண்ணிய வளையமும் படிகிறது என்று ஜார்ஜியோ பன்னெல்லா 1971இல் காட்டினார். அன்று முதல், ஓராண்டுகூட வாழாத மீனின் வயதையும் நாள் கணக்கில் எண்ண முடிகிறது. பல்லுள்ள திமிங்கலத்துக்குப் பல், ஆவுளியாவுக்குத் தந்தம், சிப்பிக்கு ஓடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு.

வேகமாக வாழ்ந்தால் சீக்கிரம் சாவா?

2006இல் வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஒரு சிப்பியின் ஓட்டு வளையங்களை எண்ணினார்கள். முதலில் நானூறுக்குச் சற்று மேல் என்று வந்தது. 2013இல் திருத்தி எண்ணியபோது 507 என்றானது. அது பிறந்தது 1499இல். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த 1542இல் அதற்கு 43 வயது. அந்தச் சிப்பியும் நம் முத்துச்சிப்பியும் ஒரே இருவோட்டு உடலிகள் வகுப்பைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு ஐந்து நூற்றாண்டு. மற்றொன்றுக்கு ஆறு ஆண்டு.

உடனே தோன்றும் விடை குளிர். குளிர்நீரில் உடலின் வேதிவினைகள் மெதுவாக நடக்கும். தேய்மானமும் மெதுவாக நடக்கும். ஒரே இனத்துக்குள்ளும் இதைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஆறுகளில் வாழும் நன்னீர் முத்துச்சிப்பி தெற்கே ஸ்பெயினில் குறைந்த வயதிலேயே முடிந்துவிடுகிறது. வடதுருவத்தை ஒட்டிய ஆறுகளில் நூறாண்டைக் கடக்கிறது. ஆர்க்டிக் கடலின் போஹெட் திமிங்கலம் இருநூறைத் தாண்டுவதும், கிரீன்லாந்துச் சுறா குறைந்தது 272 ஆண்டு வாழும் என்று 2016இல் கணிக்கப்பட்டதும் இதே பக்கம் சேர்பவை.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய கொள்கை துணை நின்றது. 1908இல் ஜெர்மானியர் மாக்ஸ் ரூப்னர், கினிப் பன்றி, பூனை, நாய், மாடு, குதிரை ஆகியவற்றின் ஆற்றல் செலவை ஒப்பிட்டார். சிறிய விலங்கு வேகமாக எரித்துச் சீக்கிரம் முடிகிறது. பெரியது மெதுவாக எரித்து நீண்டநாள் இருக்கிறது. ஒரு கிராம் உடலுக்கு வாழ்நாள் முழுதும் ஆகும் செலவு மட்டும் ஏறக்குறைய ஒன்று என்றார். எலிக்கு இரண்டு மூன்று ஆண்டு, மாட்டுக்கு இருபது, யானைக்கு அறுபது எழுபது என்று அடுக்கிப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் உப்பளத்தில் நிற்கும் பூநாரை இந்தக் கணக்கை உடைத்துவிடுகிறது. அதன் உடல் நம்முடையதைவிடச் சூடானது. எடை ஒரு கோழியைப்போல ஓரிரு மடங்கு. ரூப்னர் கணக்குப்படி அது சீக்கிரம் முடிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த ஒரு பெரிய பூநாரை 2014இல் இறந்தபோது அதற்குக் குறைந்தது 83 வயது. வௌவால் இன்னும் மோசம். சைபீரியாவில் வளையமிட்டு விடப்பட்ட ஒரு வௌவால் 41 ஆண்டு கழித்துத் திரும்பப் பிடிபட்டது. அதன் எடை சுண்டெலியைவிடக் குறைவு. ஆக, வேகமும் வெப்பமும் ஒரு பகுதியை விளக்குகின்றன. மீதியை விளக்க வேறு கேள்வி கேட்க வேண்டும். பூநாரைக்கும் வௌவாலுக்கும் பொதுவானது எது? இரண்டும் பறந்து தப்பும்.

சாவு வெளியிலிருந்து வரும்போது

1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் 1941இலேயே ஒன்றைக் கவனித்திருந்தார். ஹண்டிங்டன் நோய் என்ற கொடிய மரபுநோய் பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுக்குமேல்தான் தலைகாட்டும். அதற்குள் அந்த ஆள் பிள்ளை பெற்றிருப்பார். மரபணுவும் அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கும். காலம் தாழ்த்திக் கெடுக்கும் மரபணுவை இயற்கைத் தேர்வு பிடிக்க முடியாது. பீட்டர் மெடவார் இதை 1952இல் மூப்பு முழுவதற்கும் விரித்தார். ஒரு விலங்குக்கு மூப்பே கிடையாது என்று வைத்துக்கொண்டாலும், இரையாகியோ நோயுற்றோ விபத்திலோ ஆண்டுதோறும் சில சாகும். வயது ஏற ஏற மிஞ்சியிருப்பவை குறையும். எண்ணிக்கை குறைந்த அந்த வயதில் உடலைச் சீராக வைத்திருக்கும் திறமைக்கு இயற்கைத் தேர்வில் மதிப்பு ஏறக்குறைய இல்லை.

உப்பளக்காரர் இதை உடனே புரிந்துகொள்வார். ஐப்பசி மழை வந்தால் பாத்தியும் வரப்பும் கரைந்துவிடும் என்று தெரிந்தவர், புரட்டாசியில் வரப்புக்குப் பூச்சுவேலை செய்யமாட்டார். இருக்கிற வெயிலில் கடைசி உப்பை வாரத்தான் பார்ப்பார். உடலும் அப்படித்தான் செலவிடுகிறது. எப்படியும் சீக்கிரம் இரையாகப் போகிற உயிர் உடலைப் பழுதுபார்ப்பதில் ஆற்றலைப் போடாமல் முட்டையில் போடுகிறது. தப்பிப் பிழைக்க வாய்ப்புள்ள உயிர் பழுதுபார்க்கிறது. தாமஸ் கிர்க்வுட் 1977இல் இந்த வரவுசெலவுக் கணக்கைக் கொள்கையாகவே எழுதினார்.

இதைச் சோதித்துப் பார்க்க ஸ்டீவன் ஆஸ்டட் அமெரிக்காவின் ஜார்ஜியாக் கரைக்கு எதிரே உள்ள சாப்பலோ தீவுக்குப் போனார். அங்கே அப்போசம் என்ற பைம்மா இனம், தன்னைக் கொன்று தின்னும் விலங்குகள் இல்லாமல் சில ஆயிரம் ஆண்டு வாழ்ந்திருந்தது. பெருநிலத்து அப்போசங்களோடு ஒப்பிட்டால் தீவில் இருந்தவை குறைவாகக் குட்டிபோட்டன, மெதுவாக மூப்படைந்தன. வாலின் தசைநார் விறைப்பதுகூடத் தாமதமாகவே நடந்தது. 1993இல் வெளியான இந்த முடிவு மெடவார் எதிர்பார்த்தபடியே இருந்தது.

இந்தக் கண்ணோடு தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்துக்குப் போனால் ஒவ்வொரு கூடையும் ஒரு கதை சொல்லும். ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க்கணவாய் ஆகிய மூன்றும் அறிவில் மீனுக்குச் சளைத்தவை அல்ல. நிறம் மாறும், மை கக்கும், பேய்க்கணவாய் புட்டியின் மூடியைத் திறக்கக்கூடக் கற்றுக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். இவற்றின் முன்னோர் வெளி ஓட்டை இழந்தவர்கள். ஓடில்லாத சதை கடலில் எல்லோருக்கும் உணவு. இவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் இன்றும் ஓட்டுக்குள் வாழ்கிறது. அதற்கு இருபது ஆண்டுக்குமேல் ஆயுள். பெண் பேய்க்கணவாய் முட்டையிட்டபின் இரை தின்பதை நிறுத்தி, முட்டையைக் காத்தபடியே மெலிந்து, குஞ்சு பொரியும் தறுவாயில் சாகும். 1977இல் ஜெரோம் வொடின்ஸ்கி அதன் கண்களுக்கு அருகே உள்ள சுரப்பிகளை அறுத்து நீக்கிப் பார்த்தார். அது முட்டையை விட்டுவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. கூடுதலாகப் பல மாதம் வாழ்ந்தது. சாவு அதன் உடலுக்குள்ளேயே ஒரு வேலையாக எழுதப்பட்டிருந்தது.

முத்துச்சிப்பியும் இந்த வரிசைதான். திருக்கையும் கிளாத்தியும் ஓட்டை நொறுக்கும். நட்சத்திர மீன் பிளந்து உண்ணும். துளைபோடும் பஞ்சுயிரி ஓட்டை அரிக்கும். பருவக் கடலோட்டம் மணலால் மூடும். வெப்பமான நீர் ஒரு பக்கம், இத்தனை பகை மறுபக்கம். முதல் ஆண்டிலேயே முட்டையிடத் தொடங்கி, ஐந்தாறு ஆண்டில் கணக்கை முடித்துக்கொள்வது அதற்குச் சரியான வழி. ஐஸ்லாந்துச் சிப்பி குளிர்ந்த மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. தேடி வருவார் குறைவு. அதற்கு அவசரமில்லை.

மணப்பாட்டில் ஒதுங்கிய பாட்டிகள்

மெடவார் சொன்னது முழு உண்மை என்றால், பிள்ளை பெறுவது நின்றபின் ஒரு விலங்கு நீண்டநாள் வாழவே கூடாது. வாழும் விலங்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தூத்துக்குடி மாவட்டக் கரையில் இருமுறை கூட்டமாக ஒதுங்கியது.

1973 ஜனவரியில் மணப்பாட்டில் 147 பைலட் திமிங்கலங்கள் கரையேறின. அதை ஆராய்ந்து பதிவுசெய்தவர்களில் ஒருவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி. அதே ஆண்டு தூத்துக்குடியில் இந்தியாவின் வளர்ப்பு முத்தை உருவாக்கிய பணிக்குத் தலைமை வகித்தவரும் அவரே. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையே எண்பதுக்கும் மேற்பட்டவை மறுபடி ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். சில திரும்பிக் கரைக்கே வந்தன. ஒன்றை விட்டு ஒன்று போகாத இனம் அது.

ஜப்பானில் வேட்டையாடப்பட்ட இதே குறுந்துடுப்பு பைலட் திமிங்கலங்களின் பற்களை அறுத்து அடுக்குகளை எண்ணிய தோஷியோ கசுயாவும் ஹெலன் மார்ஷும் 1984இல் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். ஆண்கள் நாற்பத்தைந்தை ஒட்டி முடிந்தன. பெண்கள் அறுபதைத் தாண்டின. ஆனால் 36 வயதுக்குமேல் சினையாக இருந்த பெண் ஒன்றுகூட இல்லை. அதாவது ஒரு பெண் திமிங்கலம் கடைசிக் குட்டிக்குப் பிறகு கால் நூற்றாண்டு வாழக்கூடும். மனிதப் பெண்ணைத் தவிர, பல்லுள்ள திமிங்கலங்களில் ஐந்து இனங்களுக்கு மட்டுமே இப்படி மாதவிடாய் நிறுத்தம் போன்ற நிலை தெளிவாகத் தெரிகிறது. 2024இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, இந்த ஐந்து இனங்களின் பெண்கள் அதே உருவளவுள்ள மற்ற இனத்துப் பெண்களைவிட ஏறக்குறைய நாற்பது ஆண்டு கூடுதலாக வாழ்வதைக் காட்டியது. குட்டிபோடும் காலம் மட்டும் நீளவில்லை.

அந்த மீதி ஆண்டுகளால் யாருக்கு லாபம்? அந்த ஐந்தில் ஒன்றான ஓர்க்கா திமிங்கலங்களைப் பல பத்தாண்டு கண்காணித்தவர்கள் விடை சொல்கிறார்கள். சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் போவது குட்டிபோடுவது நின்ற கிழவிதான். அவள் செத்த அடுத்த ஆண்டு, வளர்ந்த மகன்கள் சாகும் வாய்ப்பும் பலமடங்கு கூடுகிறது. தன் மரபணு தன் உடலில் மட்டுமல்ல, மகனிலும் பேரக்குட்டியிலும் இருக்கிறது. அவற்றைக் காக்கும்வரை அவளுடைய உடலைப் பழுதுபார்ப்பது வீண்செலவு ஆகாது. வேகமும் வெப்பமும் விளக்காத மீதி ஆயுளை நிர்ணயிப்பவை இரண்டு என்று இப்போது சொல்லலாம்: வெளியிலிருந்து சாவு வரும் வேகம், அடுத்த தலைமுறைக்கு ஒரு கிழட்டு உடல் எதுவரை பயன்படும் என்பது.

நூற்றுக்கு இரண்டும் நூற்றுக்கு ஐந்தும்

திமிங்கலப் பல்லை எண்ணிய அதே ஹெலன் மார்ஷ் ஆஸ்திரேலியாவில் ஆவுளியாவின் தந்தத்து அடுக்குகளையும் எண்ணினார். மிக மூத்த ஒன்றுக்கு 73 வயது. பெண் ஆவுளியா முதல் குட்டி போட ஆறு முதல் பதினேழு ஆண்டு வரை ஆகும். சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு முறைக்கு ஒரு குட்டி; அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. வளர்ந்த ஆவுளியாவைக் கொல்லப் பெரிய சுறாவைத் தவிரக் கடலில் அதிகம் பேர் கிடையாது. அந்தப் பாதுகாப்பை நம்பித்தான் அதன் உடல் இந்த நிதானத்தை ஏற்றுக்கொண்டது.

அந்த நம்பிக்கையை நாம் மாற்றினால் என்ன ஆகும் என்று எளிய கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு சாகும் கூட்டத்தில், நூறு ஆவுளியாக்களில் நாற்பது ஆண்டு கழித்து 45 மிஞ்சும். இறப்பு நூற்றுக்கு ஐந்தானால் 13தான் மிஞ்சும். ஆண்டுக்கு மூன்று கூடுதல் சாவு என்பது எந்த ஒரு வருடத்திலும் கண்ணுக்குத் தெரியாது. வலையில் சிக்கி மேலே வந்து மூச்சுவிட முடியாமல் இறப்பவை, படகு மோதி இறப்பவை என அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நடக்கும். ஓராண்டில் முடியும் கணவாய்க்கு இந்த மூன்று ஒரு பொருட்டே அல்ல; ஒரு நல்ல பருவத்தில் ஈடுகட்டிவிடும். எழுபது ஆண்டு வாழ்கிற விலங்கில் சின்ன ஆபத்து வட்டிமேல் வட்டியாக ஏறுகிறது.

நம் கடல் சட்டங்கள் பெரும்பாலும் குறுகிய ஆயுளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. சாளை, கணவாய், இறால் ஆகியவற்றுக்கு அது பொருத்தமான மருந்து. முட்டையிட்டுப் பெருக இரண்டு மாத ஓய்வு கிடைத்தால் அவை மீளும். இருபதாண்டு வாழும் களவாவுக்கு அது பாதி மருந்துதான். ஆவுளியாவையும், முதல் முட்டையிடவே பத்தாண்டுக்குமேல் எடுக்கும் பங்குனி ஆமையையும் காக்க, மீதிப் பத்து மாதத்திலும் வளர்ந்த விலங்கு சாகாதிருக்க வேண்டும். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததும், வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை வெகுமதி தருவதும் இந்தத் திசையில் எடுத்த அடிகள்.

முத்துச்சிப்பியின் ஆயுளை அறிந்தவர்கள் எப்போது எடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஆவுளியாவின் ஆயுளை அறிந்த நாம் முடிவு செய்ய வேண்டியது வேறு. ஆவுளியாவை விடுவிக்க அறுத்த வலைக்கு அடுத்த வாரம் வேறு வலை வாங்கலாம். முப்பது வயதுப் பெண் ஆவுளியா ஒன்றுக்கு ஈடு வளர்ந்துவர முப்பது ஆண்டு ஆகும். வலையை அறுக்கும் மீனவருக்குத் தரும் பணத்தை இந்தக் கணக்கில் எழுத வேண்டும்.